பிடரியின் கழுத்து

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். எல்லோரும் என்றால் நானும் என் முழங்கால் வலியும்தான். நீ, உன் மனைவி, குட்டி எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? உன் இருமல் விட்டதா?

போனில் சொல்லலாமே என்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் நான் முடிக்கும்வரை நீ வாயை மூடிக்கொண்டு இருந்துதான் ஆக வேண்டும்.

நம் பாடகன் பிடரிக்கு ஒரு படப் புத்தகம் போடப் போகிறார்களாம். பேப்பரில் அரைப் பக்க விளம்பரம். "உங்கள் அபிமான ராக் பாடகரைப் படமெடுத்த ரசிகர்களே, உங்கள் நினைவுகளை எழுதி அனுப்புங்கள்." மேலே அதே பழைய போஸ்டர். தோள்வரை முடி பறக்க, கழுத்தில் ஃபிலிம் சுருளை மாலையாகப் போட்டுக்கொண்டு பல்லை இளித்துப் பாடுகிறான். ஓரத்தில் கைக்கடிகாரம் கட்டிய ஒரு கை மட்டும் நீண்டிருக்கும். அது என் கை. இருபத்தேழு வருஷமாக டீக்கடைச் சுவரிலும், பிள்ளைகள் போடுகிற பனியனிலும் என் கையை நானே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அவர்கள் நினைவுகள் கேட்டார்கள் அல்லவா, எழுத ஆரம்பித்துவிட்டேன். ஆறு கச்சேரிகளில் அவனைப் படம் எடுத்திருக்கிறேன். முதல் மூன்று பாட்டுக்குத்தான் மேடைக்குக் கீழே கேமராவை விடுவார்கள். அந்த மூன்று பாட்டுக்காக மத்தியானமே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஏழாவது கச்சேரி, திறந்த மைதானம், சாயங்காலம், வெயில் இன்னும் இறங்கவில்லை. மூன்றாவது பாட்டின் நடுவில் என்னைக் கையைக் காட்டி மேலே கூப்பிட்டான். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஏறினேன். சிரித்துக்கொண்டே கேமராவை வாங்கினான். பின் மூடியைத் திறந்தான். ஃபிலிமை உருவிக் கழுத்தில் போட்டுக்கொண்டு பாடினான். கூட்டம் விசிலடித்தது. நான் கேமராவைப் பிடுங்கி மூடிக்கொண்டு இறங்கி ஓடினேன். நீ கூட்டத்தில் பின்னால் மாட்டிக்கொண்டதாகவும், கிட்டே வர முடியவில்லை என்றும் அன்றைக்கு வீட்டில் சொன்னாய்.

இன்னொன்று இருக்கிறது. அதை எழுத இன்னும் கை வரவில்லை. ஆனால் அவனை விட மாட்டேன். புத்தகம் வருவதற்குள் அவன் மூக்கை அறுக்காமல் எனக்குத் தூக்கம் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அக்கா


ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எங்கள் மூவருக்கும் குறை ஒன்றுமில்லை. இருமல் இருக்கிறது, ஆனால் பழகிவிட்டது. முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்புகிறேன், கேலி செய்யாமல் தடவு.

வேலை எப்போதும் போல. இந்த மாதம் செருப்புகள். நானூறு ஜோடிச் செருப்பையும் ஒரே வெளிச்சத்தில், ஒரே கோணத்தில் படமெடுத்துப் பட்டியல் புத்தகத்துக்குக் கொடுக்க வேண்டும். செருப்பு கண் சிமிட்டுவதில்லை, அது ஒன்றுதான் ஆறுதல்.

பிடரி விஷயத்தை விட்டுவிடேன் அக்கா. அவருக்கும் வயதாகிவிட்டது. ஒரு ரோல் ஃபிலிம்தானே? இருபத்தேழு வருஷம் அதை நெஞ்சில் கட்டிக்கொண்டு அலைவானேன்?

குட்டிக்குப் பள்ளியில் குடும்பப் படம் வரையச் சொன்னார்கள். பாட்டியை வரைந்தவள் முகத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டாள். "எப்படி இருப்பாங்கன்னு தெரியாதுல்ல அப்பா" என்று கேட்டாள். உன்னிடம் அம்மாவின் பழைய அடையாள அட்டை மாதிரி ஏதாவது இருக்குமா? பெட்டியில் தேடிப் பார்.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 14

தம்பிக்கு,

தைலம் வந்தது. முழங்கால் தேவலை.

ஒரு ரோல் ஃபிலிம்தானே என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்தபோது நீ பக்கத்தில் இல்லாதது உன் நல்ல காலம்.

எழுதக் கை வரவில்லை என்றேனே, அதை இப்போது எழுதுகிறேன். அம்மா ஜென்மத்தில் ஒரு படத்துக்கு நின்றவள் இல்லை. கேமராவைக் கண்டாலே முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அடுப்படிக்கு ஓடுவாள். அடையாள அட்டைக்குக்கூடப் போகாமல் ஏமாற்றியவள். அந்தக் கச்சேரிக்கு நான்கு நாள் முன்னால், டாக்டரிடம் போய்விட்டு வந்து, தானாகவே சொன்னாள்: "எடுத்துக்கோடி. எவ்வளவு வேணுமோ எடுத்துக்கோ. சின்னவன்கிட்ட மட்டும் எதுவும் சொல்லாதே. அவனுக்குப் பரீட்சை இருக்கு."

பதினொரு படம் எடுத்தேன். ரோலில் இன்னும் இருபத்தைந்து பாக்கி இருந்தது. பாதியில் கழற்றினால் வீண் என்று நினைத்தேன். மீதியைப் பிடரிக்கு வைத்துக்கொண்டு அதே கேமராவோடு மைதானத்துக்குப் போனேன். என் சிக்கனம் என் தலையில் விழுந்தது. அவன் கழுத்தில் மாலையாகக் கிடந்தது அம்மா. பதினாறு நாளில் அம்மா போய்விட்டாள்.

அந்தக் கேமராவை அப்படியே துணியில் சுற்றிப் பெட்டியில் போட்டேன். இன்றுவரை திறக்கவில்லை. உனக்கும் சொல்லவில்லை. நீ அழுதுகொண்டிருந்தாய், சொல்லி என்ன ஆகப்போகிறது என்று மென்று விழுங்கிவிட்டேன்.

இப்போது சொல், விட்டுவிடவா?

குட்டிக்கு என் முத்தம். அந்த முகம் ஏன் காலி என்று அவளுக்கு நீயே விளக்கு.
அக்கா


மார்ச் 20

தம்பிக்கு,

ஐந்து வாரமாகக் கடிதம் இல்லை. நீ அவ்வளவு நாள் பேசாமல் இருப்பவன் இல்லையே. உடம்புக்கு ஏதாவதா? உன் மனைவியையாவது நாலு வரி எழுதச் சொல்.

அம்மா விஷயத்தை அப்படி முகத்தில் அடித்த மாதிரி எழுதியிருக்க வேண்டாம். அது என் தப்பு.
அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. வேலை அதிகம்.

அந்த ரோலில் அம்மா இருந்தாள் என்று அன்றைக்கே ஏன் சொல்லவில்லை? கச்சேரிக்குக் கிளம்பும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ஒரே ஒரு வார்த்தை.

புத்தகத்துக்கு எதுவும் அனுப்பாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.
தம்பி


ஏப்ரல் 20

அன்புள்ள தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். ரொம்ப நன்றாக! ஏன் தெரியுமா? பிடரி என் கையில் வந்து விழுந்தான்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணி. ஆஸ்பத்திரியில் என் எக்ஸ்ரே அறைக்குள் அடுத்த சீட்டைக் கூப்பிடுகிறேன், கறுப்புக் கண்ணாடி, தோல் சட்டை, தோள்வரை கன்னங்கரேலென்று முடி. கழுத்து வலியாம். நாற்பது வருஷம் தலையை உலுக்கினால் கழுத்து என்ன செய்யும்? உள்ளே வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "என்னைத் தெரியலையா?" என்றான்.

"தெரியலையே. நீங்க என்ன வேலை பாக்குறீங்க?" என்றேன். அந்த மூஞ்சியை நீ பார்த்திருக்க வேண்டும்.

"சங்கிலி, கம்மல், கிளிப்பு, இரும்பு எது இருந்தாலும் கழட்டிருங்க" என்றேன். "ஒண்ணும் இல்ல" என்று அடித்துச் சொன்னான். சரி என்று எடுத்தேன். திரையில் வந்தது பார், மண்டையைச் சுற்றி வெள்ளை வெளேரென்று எட்டுக் கிளிப்புகள்! அத்தனை முடியும் ஒட்டு முடி. ஏழு கச்சேரி படமெடுத்தவளுக்கு இது எட்டாவது. அவனை எடுத்ததிலேயே நல்ல படம் இதுதான்.

"ஐயா, இது என்ன, எட்டு இருக்கு?" என்று கேட்டேன். முடியைக் கழற்றி நாற்காலியில் வைத்தான். உள்ளே உரித்த முட்டை. மறுபடி எடுக்க வேண்டும். தாடையை நிமிர்த்திக் கழுத்தை நேராக்கினேன். பெருமை பீற்றிக்கொள்ளாவிட்டால் அவனுக்கு உயிர் நிற்காது போலிருக்கிறது. நான் யாரென்று அடையாளம் தெரியாமல் என்னிடமே அந்தப் போஸ்டர் கதையைச் சொல்ல ஆரம்பித்தான்.

முடிந்ததும் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டான். முடியை மறந்துவிட்டான். நான் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வெளியே வந்தேன். வராந்தாவில் முப்பது பேராவது உட்கார்ந்திருந்தார்கள். "ஐயா! உங்க முடி! உங்க முடியை மறந்துட்டீங்க!" என்று ஒரு குரல் கொடுத்தேன். இருபத்தேழு வருஷம் கழித்து நானும் விசில் சத்தம் கேட்டேன். கை கட்டுப் போட்ட ஒருவன் அந்தக் கையாலேயே தட்டினான்.

அந்த எட்டுக் கிளிப்புப் படம் கம்ப்யூட்டரில் இருக்கிறது. புத்தகத்துக்கு அனுப்பினால் எப்படி இருக்கும்?

போஸ்டர் கதையில் அவன் இன்னும் இரண்டு விஷயம் சொன்னான். அதை யோசித்துவிட்டு எழுதுகிறேன்.
அக்கா


மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் முழங்காலும் சௌக்கியம் என்று நம்புகிறேன்.

அந்த எக்ஸ்ரேயை வெளியே விடாதே. நோயாளியின் படத்தை வெளியே கொடுத்தால் உன் வேலை போய்விடும். இருபத்தைந்து வருஷ வேலை. முடியைக் கொடுத்ததோடு அவருக்கு அது போதும்.

அவர் என்ன இரண்டு விஷயம் சொன்னார்? வயதானவர், மேடைக்காரர், எதையாவது அளப்பார். நீ எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதே.

உடனே பதில் போடு.
தம்பி


மே 29

அக்கா,

நீ பதில் போடவில்லை. போனையும் எடுக்கவில்லை. அப்படியென்றால் சொல்லிவிட்டார்.

இனி நானே சொல்கிறேன். நான் பின்னால் கூட்டத்தில் இல்லை. மேடையில், பக்கவாட்டில், ஸ்பீக்கர்களுக்கு நடுவே நின்றிருந்தேன். நண்பனின் கேமரா என் கையில் இருந்தது. அன்று மத்தியானமே பிடரியையும் அவர் ஆட்களையும் போய்ப் பார்த்தேன். "எங்க அக்கா கேமராவை உசிரா வச்சிருக்கும். மேடைக்குக் கூப்பிட்டு ஃபிலிமை உருவுங்க, அது முகம் போற போக்கு நல்ல படமா வரும்" என்று சொன்னது நான்தான். ஆறு கச்சேரியாக நீ எடுத்த படங்களை ஊரே பார்த்து மெச்சியது. நான் எடுத்த எதையும் ஒருவரும் பார்க்கவில்லை. எனக்குப் பதினெட்டு வயது, வயிறெரிந்தது. உன் முகம்தான் எனக்கு வேண்டியிருந்தது. கடைசியில் உன் முகம் விழவில்லை, கை மட்டும் விழுந்தது, அவர் சிரிப்பு விழுந்தது.

அந்த ஒரு படத்தைக் காட்டித்தான் இந்த வேலை கிடைத்தது. போஸ்டரில் என் பெயரைப் போட வேண்டாம் என்று நானே கேட்டுக்கொண்டேன்.

உள்ளே அம்மா இருந்தது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. பிடரி மட்டும்தான் இருக்கிறார் என்று நினைத்தேன். பிப்ரவரியில் உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

திட்டியாவது எழுது.
தம்பி


ஜூலை 11

இதற்கு நலம் விசாரிப்பு கிடையாது.

நீ சொன்னது உண்மை. அவரும் அதையேதான் சொன்னார், இன்னும் கொஞ்சம் சிரிப்போடு. "அந்தப் பொண்ணோட தம்பிதான்மா ஐடியா குடுத்தான். கெட்டிக்காரப் பய." நான் அந்த நேரம் அவர் தாடையைப் பிடித்துக் கழுத்தை நேராக்கிக்கொண்டிருந்தேன். "அசையாதீங்க" என்று அவரிடம் சொன்னேன், அசைந்தது நான்.

கவனித்தாயா, அவன் அவராகிவிட்டார். நீ கொடுத்ததை வாங்கி அவர் கழுத்தில் போட்டுக்கொண்டார், அவ்வளவுதான். எக்ஸ்ரேயை யாருக்கும் கொடுக்கவில்லை. முடியைக் கொடுத்ததோடு அவருக்கும் எனக்கும் சரி.

இரண்டாவது விஷயம் உனக்குத் தெரியாது. "உருவுறப்ப பாதில அறுந்து போச்சும்மா. கொஞ்சம் உள்ளேயே நின்னுருச்சு. அதுக்குள்ள அந்தப் பொண்ணு புடுங்கி மூடிருச்சு" என்றார். அன்று அந்த நிலையில் நான் அதைக் கவனிக்கவே இல்லை. எல்லாம் போய்விட்டது என்றுதான் இத்தனை வருஷமும் பெட்டியைப் பூட்டி வைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் பழைய இருட்டறை இன்னும் இருக்கிறது, சாவி என்னிடம். அந்த அறையில் பதினைந்து வருஷம் எலும்புப் படம் கழுவினவள் நான். கேமராவைத் திறந்தேன். ஃபிலிம் உள்ளே சுற்றிக்கொள்ளும்போது முதலில் எடுத்த படம்தான் அடியில் போய் உட்காரும். இரண்டு சுற்று மிச்சம் இருந்தது. மேல் சுற்று வெளிச்சம் பட்டுக் கருகிவிட்டது. அடியில் ஒரே ஒரு படம்.

அதிலிருந்து காகிதத்தில் ஒரு பிரதி போட்டு, இத்துடன் கறுப்பு உறையில் வைத்திருக்கிறேன். உள்ளங்கையில் பாதிகூட இருக்காது. ஃபிக்ஸர் மருந்தில் நனைத்தால்தான் படம் நிலைக்கும் என்று உனக்குத் தெரியும். நான் நனைக்கவில்லை. வெளிச்சத்தில் திறந்தால் ஓரிரண்டு நிமிஷம் தெரியும், பிறகு தானாகக் கறுத்துவிடும். திறக்காமல் வைத்துக்கொண்டால் காலம் பூராவும் இருக்கும், ஆனால் பார்க்க முடியாது. அன்றைக்கு என் கையில் இருந்ததை வெளிச்சத்துக்குக் கொண்டுவர நீதானே ஆள் அனுப்பினாய்? இந்த முறை நீயே செய்.

புத்தகத்துக்கு என் நினைவுகளை அனுப்பிவிட்டேன். அந்த ஃபிலிமில் யார் இருந்தார் என்றும் எழுதியிருக்கிறேன், படமெடுத்தவர் யார் என்றும் எழுதியிருக்கிறேன். உன் பெயர் முழுதாக, தெளிவாக.


ஆகஸ்ட் 3

அக்காவுக்கு,

உறை வந்தது. புத்தகத்தில் என் பெயர் வரட்டும், அது சரிதான்.

முதலில் புத்திசாலித்தனம்தான் வேலை செய்தது. ஃபிக்ஸர் வாங்கினேன், சிவப்பு பல்ப் வாங்கிக் குளியலறையில் மாட்டினேன், ஜன்னலைப் போர்வையால் அடைத்தேன். தட்டில் மருந்தை ஊற்றிவிட்டு உறையைக் கையில் எடுத்தேன். இப்போதும் தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறேனே என்று தோன்றியது. மருந்தைக் கொட்டினேன்.

குட்டி பள்ளியில் இருந்தாள், மனைவி வேலையில். சமையலறை ஜன்னலோரம் நின்று, வெயிலில் திறந்தேன்.

அம்மா தரையில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் ஒரு சட்டை. பொத்தான் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே நிமிர்ந்து பார்க்கிறாள். இடது புருவத்தில் சின்ன வெட்டு. அது இருந்ததையே நான் மறந்துபோயிருந்தேன். முகத்தை மூடவில்லை அக்கா. சிரிக்கிறாள், பல்லில் நூலோடு.

அந்தச் சட்டை என்னுடையது. கட்டம் போட்டது. அதைப் போட்டுக்கொண்டுதான் அன்று ஸ்பீக்கர்களுக்கு நடுவே நின்றேன்.

முதலில் ஓரம் கறுத்தது, பிறகு சட்டை, பிறகு கை. முகம் கடைசியில் போனது. கையால் மறைத்துப் பார்த்தேன், நிற்கவில்லை. இரண்டு நிமிஷம்கூட இருக்காது.

கறுத்த தாளை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். குட்டிக்கு எதுவும் தெரியாது. நீ நினைத்தது நடந்துவிட்டது.
தம்பி


ஆகஸ்ட் 19

தம்பிக்கு,

கறுத்த தாள் வந்தது. என் மேஜை மேல் இருக்கிறது. நான் நினைத்தது நடந்தது, உண்மைதான். இருபத்தேழு வருஷம் கறுவிக்கொண்டிருந்தவளுக்கு ஒரு வாய் இனிப்பாவது இருக்கும் என்று நினைத்தேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் சாப்பிடாமல் படுத்தேன். அதற்கும் சேர்த்து உன் மேல்தான் கோபம்.

மருந்தைக் கொட்டினாயாம், பெரிய தியாகி. உன் மகள் என்ன பாவம் செய்தாள்? முகத்தைக் காலியாக விட்டது அவள். அவள் வீடு திரும்பும்வரை உனக்குப் பொறுக்கவில்லை. மற்றவர் பங்கையும் சேர்த்து நீயே முடிவு செய்வாய், அன்றைக்கும் அப்படித்தான், இன்றைக்கும் அப்படித்தான்.

காகிதம் போனாலும் நெகட்டிவ் போகாது. அது படமெடுத்தே பிழைக்கிற உனக்குத் தெரியாதா? தெரிந்தும் நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை மட்டும் கவனித்தேன்.

அது என்னிடம் இருக்கிறது. மருந்தில் நனைத்து, கழுவி, காயவைத்து, பத்திரமாக. அதிலிருந்து பெரிதாக ஒரு பிரதியும் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன். இது கறுக்காது. தபாலிலும் வராது.

பள்ளி விடுமுறைக்குக் குட்டியை அழைத்துக்கொண்டு வா. அவள் உள்ளே வந்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கட்டும், பார்த்து வரையட்டும். புருவத்து வெட்டையும் மறக்காமல் வரையச் சொல். எக்ஸ்ரே அறையில் சொந்தக்காரர்களை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்துவது எனக்குப் பழகிய வேலை. நீ வாசலில் நில்.

எப்போது உள்ளே வரலாம் என்று நான் கூப்பிடுகிறேன். எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்கே தெரியாது. இருமலுக்கு மருந்து எடுத்துக்கொண்டு வா, வாசலில் காற்று அடிக்கும்.

அக்கா